சீரமைத்த பழைய நாடகக் கொட்டகையில் இசை நாடகம்: அப்பாவை எந்த இருக்கையில் அமர்த்துவது?

கேள்வி: புனலூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். மூன்று தலைமுறையாகப் புனலூரில் தமிழ் பேசி வாழும் குடும்பம் எங்களுடையது; உறவினர் பெரும்பாலும் செங்கோட்டை, பண்பொழி, தென்காசிப் பக்கம் இருக்கிறார்கள். செங்கோட்டைக்கு அருகே மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த நாடகக் கொட்டகையை அதன் உரிமையாளர் குடும்பத்தார் பழுது நீக்கி, ஓராண்டாக மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்தி வருவதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை அங்கே சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நடக்கவிருக்கிறது. என் அப்பாவை அதற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. இரண்டு காதுகளுக்கும் கருவி அணிகிறார். வலது காது சற்றுத் தெளிவாகக் கேட்கும். சிறுவனாக இருந்தபோது தம் தாத்தாவின் தோளில் அமர்ந்து நாடகம் பார்க்கப் போனதையும், செங்கோட்டையில் பிறந்த இசை நாடக நடிகர் கிட்டப்பாவின் குரலைப் பற்றித் தாத்தா சொல்லிச் சொல்லி மாய்ந்ததையும் இன்றும் அடிக்கடி பேசுவார். கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் வயதிலேயே மறைந்துவிட்டார் என்பதால் அந்தக் குரலை அப்பா நேரில் கேட்டவரல்லர். ஆனாலும் ஒலிபெருக்கி இல்லாத மேடையிலிருந்து பாட்டு கடைசித் தரை டிக்கெட் வரை போய்ச் சேர்ந்தது என்ற செய்தி அவர் மனத்தில் தம் சொந்த நினைவைப் போலவே பதிந்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெருநகர அரங்கம் ஒன்றில் இசை நாடகத்துக்கு அவரை அழைத்துப் போனேன். ஒலிபெருக்கிப் பெட்டிகளின் இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடாமல், அரை மணி நேரத்தில் காதுக் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதி நேரம் முழுவதும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியில் அவர் எதுவும் பேசவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே கேட்கிறேன். அந்தக் கொட்டகையில் எந்த இடத்தில் அமர்ந்தால் அவருக்குச் சொல் தெளிவாகக் கேட்கும்? மைக் வைப்பார்களா? ஓட்டுக் கூரை என்கிறார்கள். சாரல் நாளில் மழை பெய்தால் என்ன ஆகும்? முன்வரிசை டிக்கெட்டின் விலை மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு. அப்பாவுக்குக் கேட்குமானால் விலை எனக்குப் பொருட்டில்லை.

பதில் 1: மேக்கரைத் தச்சன்

அக்காவுக்கு வணக்கம். அந்தக் கொட்டகையின் கூரை வேலையிலும், ஓட்டுக்குக் கீழே பலகை அடிக்கும் மச்சு வேலையிலும் என் தந்தையாரோடு எட்டு மாதம் நானும் இருந்தேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், முன்வரிசை டிக்கெட்டை வாங்காதீர்கள். கொட்டகை ஏறக்குறைய 62 அடி நீளம், 34 அடி அகலம். மேடையிலிருந்து புறப்படும் குரல் நேராகவும் உங்களை வந்தடையும், சுவரிலும் மச்சிலும் பட்டுத் திரும்பியும் வந்தடையும். திரும்பி வரும் ஒலி நேராக வந்த ஒலிக்குப் பின் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வந்துவிட்டால், காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும், சொல் வலுவாகும். அதாவது சுற்றி வந்த ஒலி ஏறக்குறைய 17 மீட்டருக்கு மேல் கூடுதலாகப் பயணம் செய்திருக்கக் கூடாது. முன்வரிசையில் இருப்பவருக்குப் பின்சுவரிலிருந்து திரும்பும் ஒலி இதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தூரம் சுற்றி வருகிறது. ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்கும் நேரத்தில் முந்தைய சொல்லின் வால் வந்து அதன்மேல் விழும். நல்ல காதுக்கே அது இடைஞ்சல் என்றால், எல்லா ஒலியையும் ஒன்றாகப் பெருக்கித் தரும் கருவிக்கு எவ்வளவு இடைஞ்சல் என்று எண்ணிப் பாருங்கள். அதோடு முன்வரிசையில் மேடை தலைக்கு மேலே இருப்பதால் நடிகரின் வாயசைவு தெரியக் கழுத்தை அண்ணாந்து வைத்திருக்க வேண்டும்.

நான் சொல்வது நான்காம் வரிசை. தரையின் சரிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. பக்கச் சுவர்களின் ஒலி நேர்க்குரலோடு சேர்ந்தே வந்துவிடும். அங்கே ஆர்மோனியமும் மிருதங்கமும் பார்ப்பவருக்கு இடப்பக்கம் மேடையோரத்தில் அமர்வது வழக்கம். உங்கள் அப்பாவுக்கு வலது காது நல்ல காது என்பதால், நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் தள்ளி, ஆனால் தூணுக்கு இப்பால் அமர்த்துங்கள்.

தூண்களைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இரண்டு வரிசையாக ஆறு தேக்குத் தூண்கள் இருக்கின்றன. சீரமைப்பின்போது அவற்றை எடுத்துவிட்டு இரும்பு உத்தரம் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. என் தந்தையார் அதற்கு உடன்படவில்லை, உரிமையாளரும் உடன்படவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அரங்கத்தின் அளவைச் சொல்லும்போது, இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று சொல்லிவிட்டு, தூண்களின் நிழல் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. தூணைப் பிடுங்கச் சொல்லவில்லை. இங்கேயும் விளக்குகளின் இடத்தைத்தான் மாற்றினோம். ஆனாலும் தூணுக்கு நேர் பின்னால் எட்டு இருக்கைகள் இருக்கின்றன. அவற்றைக் குறைந்த விலையில் தருகிறார்கள். அவற்றில் ஒன்று உங்கள் கையில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் பழைய சுண்ணாம்புக் காரையையே கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து மறுபடி பூசியிருக்கிறோம். சிமென்ட் பூசியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் சாரல் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவர் உப்புப் பூத்துவிடும். மேலே அயனிப் பலகை மச்சு. மெல்லிய பலகைக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் அது தாழ்ந்த ஒலியை விழுங்கிக்கொள்ளும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ஒலி சற்று அடங்கி, பாடுபவரின் வல்லின மெய்கள் எடுப்பாகக் கேட்பதற்கு அது பெரிய காரணம். கரையான் அரித்த பலகைகளை மட்டும் மாற்றினோம். மாற்றியது மூன்றில் ஒரு பங்குதான். மேடை முகப்பு வளைவின் உச்சியில் காரையால் செய்த சங்கு ஒன்று இருக்கிறது. இந்தப் பகுதி 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்ததன் அடையாளம் அது. அதன் உடைந்த நுனியை அப்படியே விட்டிருக்கிறோம். உங்கள் அப்பாவுக்கு அதைக் காட்டுங்கள்.

அரங்கம் நிறைந்திருக்கும் நாளில் செல்வது நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல், பேச்சு விளங்காத விரிவுரைக் கூடம் ஒன்றைச் சரிசெய்ய முனைந்த வாலஸ் சபைன் என்ற பேராசிரியர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தை சேர்ந்தால் எதிரொலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அளந்தார். திறந்த சன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது என்பதால், எந்தப் பொருள் எவ்வளவு ஒலியை உண்கிறது என்பதைத் திறந்த சன்னலின் பரப்பைக் கொண்டே அவர் கணக்கிட்டார். ஒருவர் வந்து அமர்வது ஏறக்குறைய அரை சதுர மீட்டர் சன்னலைத் திறந்து வைப்பதற்குச் சமம். இருநூறு பேர் வந்தால் நூறு சதுர மீட்டர். ஒத்திகையின்போது வெற்றுக் கொட்டகையில் கை தட்டினால் ஒலி நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆள் நிறைந்தால் அதே கொட்டகை வேறொன்றாகிவிடும். வருகிறவர்களும் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி என்பதை வேலை செய்த எட்டு மாதத்தில் நான் அறியவில்லை. முதல் நிகழ்ச்சி அன்றுதான் அறிந்தேன்.

மழையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஓட்டின் மேல் சாரல் தூறினால் மச்சு தடுத்துவிடும். வலுத்துப் பெய்தால் எட்டாம் வரிசைக்குப் பின்னால் எதுவும் கேட்காது. நான்காம் வரிசைக்கு ஓரளவு கேட்கும்.

மாடி இருக்கையின் முதல் வரிசையில் ஒலி மிக நன்றாக இருக்கும். ஆனால் படி செங்குத்து. கைப்பிடிக் கம்பி இன்னும் பொருத்தவில்லை. அப்பாவை அங்கே ஏற்ற வேண்டாம்.

பதில் 2: கொல்லங்கோட்டுக்காரர்

தச்சர் தம்பி சொன்ன நான்காம் வரிசையை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் சொல்லும் காரணம் கண். நாட்டிய சாத்திரம் நடுத்தர அரங்குக்கு 64 முழ நீளமும் 32 முழ அகலமும் வகுத்து, அதற்கு மேல் பெரிதாகக் கட்டினால் பேச்சும் தெளிவிழக்கும், முகத்தின் பாவமும் தெரியாமல் போகும் என்று எச்சரிக்கிறது. காதையும் முகத்தையும் அந்நூல் ஒன்றாகவே வைத்துப் பேசுவதைக் கவனியுங்கள். காது மங்கியவர்கள் பாதிச் சொல்லை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்; என் மனைவிக்கு அப்படித்தான்.

பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடப்பதைப் பலரும் அறிவீர்கள். மலையாள நாட்டின் நடுவே, கம்பராமாயணப் பாடல்களைப் புலவர்கள் தமிழிலேயே பாடிப் பொருள் விரிக்கிறார்கள். 42 அடி நீளமுள்ள கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகளை ஏற்றி, இரவு முழுவதும் நடத்துகிறார்கள். அங்கே மனித முகமே தெரியாது. ஆனாலும் சொல் தெரியும், ஏனெனில் சுற்றியுள்ள இரவு அமைதியாக இருக்கிறது. எத்தனையோ இரவுகள் அங்கே அமர்ந்து கேட்டவன் என்ற முறையில் என் ஒரே வேண்டுகோள் இது: அரங்குக்குள் கைப்பேசியை அணைத்து வைக்கும்படி நிகழ்ச்சி தொடங்குமுன் நடத்துபவர்கள் சொல்ல வேண்டும், காற்றாடிகளின் வேகத்தையும் குறைக்க வேண்டும். காதுக் கருவி அணிந்தவருக்குக் காற்றாடியின் ஓசை பாட்டைவிடப் பெரிதாகக் கேட்கும். அப்பாவின் இருக்கைக்கு நேர் மேலே காற்றாடி இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வியர்வைக்கு ஒரு துண்டு எடுத்துச் சென்றால் போதும்.

மைக் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. முப்பத்து நான்கடி அகலமுள்ள கொட்டகைக்கு அது எதற்கு?

பதில் 3: ஆர்மோனியம் வாசிப்பவன்

பெரியவர் சொன்ன கடைசி வரிக்கு மட்டும் மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது, மரியாதையோடுதான் சொல்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன். இந்தக் கொட்டகையிலும் இரண்டு முறை வாசித்திருக்கிறேன்.

பங்குனி தொடங்கி ஆடி வரை கோயில் கொடைகளும் திருவிழாக்களும் வந்தால், எங்கள் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும், அதாவது நாயகன், நாயகி வேடக்காரர்கள், இரவு பத்து மணிக்கு மேல் மேடை ஏறி விடியும் வரை பாடுகிறார்கள்; தொடர்ந்து பல இரவுகள் பாடுகிறார்கள். திறந்த திடலில், பக்கத்தில் ராட்டினக் கடைகளும் வெடியும் இருக்கும்போது மைக் இல்லாமல் முடியாது. அப்படிப் பழகிய தொண்டை ஒரே ஒரு சனிக்கிழமைக்காக வேறு தொண்டையாக மாறிவிடாது. மைக் வராத காலத்தில் பாடியவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் உச்ச சுருதியில் பாடினார்கள். அந்த உயரத்தில் ஒலி தானாகவே தூரம் போகும். மைக் வந்தபின் சுருதி இறங்கிவிட்டது. தாழ்ந்த சுருதியில் மெல்லப் பாடும் நுட்பங்களும் அதோடு வந்தன. அவற்றை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கத்தச் சொன்னால் நுட்பமும் போகும், தொண்டையும் போகும். எங்களுக்குத் தொண்டைதான் அடுப்பெரிக்கிறது.

இந்தக் கொட்டகையில் நாங்கள் கண்ட வழி இது. மேடை முன்விளிம்பில் சிறிய மைக் இரண்டை மட்டும் வைத்து, அவற்றின் ஒலியை மேடை மட்டத்திலேயே இரு சிறு பெட்டிகளின் வழியாக மிக மெல்ல விடுகிறோம். எனக்கும் மிருதங்கக்காரருக்கும் மைக் கிடையாது. பாடுபவர் வாயிலிருந்தே குரல் வருவதாகத்தான் கேட்பவர் உணர்வார். ஆர்மோனியத்தின் பின்மூடியை முழுவதும் திறக்காமல் வாசிப்பேன். முதல் முறை அதைத் திறந்து வாசித்து, தர்க்கப் பாட்டின் சொற்களை நானே மூடிவிட்டேன். பெட்டிகள் இரண்டும் முதல் வரிசையின் இரு ஓரங்களை நோக்கி இருக்கின்றன. ஆகவே தச்சர் சொன்ன இடம் அதற்கும் பொருந்தும்.

அம்மா, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. இங்கே நாடகத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்கச் சொல்கிறார்கள். பேருந்து நேரத்தை எண்ணி அப்படிச் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது வள்ளிக்கும் வேலனுக்கும் இடையே நடக்கும் தர்க்கம். வேடனாக வந்த வேலன் கேட்பதும் அவள் மடக்குவதும், அவன் விருத்தத்தில் விடை சொல்வதும், ஆர்மோனியம் அந்த விருத்தத்தின் முடிவைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு அடியெடுத்துக் கொடுப்பதும்தான் இந்த நாடகத்தின் உயிர். நடிகர்கள் அங்கே எழுதி வைத்ததை ஒப்பிப்பதில்லை; எதிரே இருப்பவரின் சொல்லைக் கேட்டு அந்த நொடியில் பதில் கட்டுகிறார்கள். கொட்டகையில் அமைதி இருந்தால் அந்தத் தர்க்கம் வளர்கிறது. நீங்கள் டிக்கெட் வாங்கும்போது, தர்க்கத்தைக் குறைக்க வேண்டாம் என்று நடத்துபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைவிடப் பார்க்க வருகிறவர் சொன்னால் அவர்கள் செவி கொடுப்பார்கள்.

பதில் 4: பண்பொழி

கடைசிப் பேருந்து நிகழ்ச்சி முடிவதற்கு முன்பே போய்விடும். ஆகவே கார் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அல்லது உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். கழிப்பறை கொட்டகையின் பின்புறம் வெளியே இருக்கிறது. போகும் பாதை மழைநாளில் வழுக்கும். பெரியவர்கள் இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே எழுந்து போய் வருவது நல்லது. பழைய பட இயக்க அறையை இப்போது விளக்கு இயக்கும் அறையாக வைத்திருக்கிறார்கள். எளிதில் தீப்பிடிக்கும் பழைய படச்சுருளுக்கு அஞ்சி வைத்த கனத்த சுவரும் இரும்புக் கதவும் அப்படியே இருக்கின்றன. முன்கூட்டிச் சென்றால் காட்டுவார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: புனலூர் வாசகி

அனைவருக்கும் என் நன்றி. சனிக்கிழமை போய் வந்தோம். நடந்ததை எழுதுவது என் கடமை.

நான்காம் வரிசையில் வலப்பக்கம் இரண்டு இருக்கைகள் கிடைத்தன. சொன்னபடியே தர்க்கத்தைக் குறைக்க வேண்டாம் என்று டிக்கெட் கொடுத்தவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் புன்னகையோடு, இதே செய்தியைச் சொல்லும் ஐந்தாவது ஆள் நான் என்றார். கொட்டகை ஏறத்தாழ நிறைந்திருந்தது. தொடங்குமுன் கைப்பேசிகளை அணைக்கச் சொன்னார்கள். காற்றாடிகளில் பாதியை நிறுத்தினார்கள், புழுக்கமாகத்தான் இருந்தது.

முதல் அரை மணி நேரம் அப்பா கருவியின் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார். பபூன் வந்து சபைக்கு வணக்கம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை; எனக்கு அச்சமாகிவிட்டது. வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடத் தொடங்கியதும் கையைக் கருவியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் அதைத் தொடவில்லை.

தர்க்கம் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தூறலாகத் தொடங்கி வலுத்தது. அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வேலனாக நடித்தவர் பாட்டை நிறுத்தாமலே மூன்றடி முன்னால் வந்து மேடை விளிம்பில் நின்றார். வள்ளியும் அவருக்கு எதிரே வந்து நின்றார். ஆர்மோனியத்தில் ஒரே ஒரு சுருதி மட்டும் நின்றது. பின்வரிசையில் இருந்தவர்கள் சத்தமின்றி எழுந்து வந்து நடைபாதையில் எங்களுக்கு அருகே தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மழை ஓயும்வரை ஏறக்குறைய கால் மணி நேரம் அப்படியே நடந்தது. எல்லாச் சொல்லும் கேட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பா இரண்டு முறை என் பக்கம் சாய்ந்து, வள்ளி என்ன சொன்னாள் என்று கேட்டார். ஆனால் மூன்றாம் முறை நான் ஒரு சொல்லைத் தவறவிட்டு அவரைக் கேட்டேன். அவர் அதைச் சரியாகச் சொன்னார்.

முடிந்தபின் முகப்பு வளைவின் சங்கைக் காட்டினேன். நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேடையோரம் சென்று ஆர்மோனியக் கலைஞரிடம் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. இரவு பண்பொழியில் அத்தை வீட்டில் தங்கினோம். படுக்கப் போகுமுன், கருவியைக் கழற்றாமலே உட்கார்ந்து, தாத்தா கிட்டப்பாவைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அத்தையின் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பவளக்கொடி என்கிறார்கள். தம் தம்பியையும் அழைத்துக்கொண்டு மாடியின் முதல் வரிசையில் அமர வேண்டும் என்கிறார் அப்பா. ஒலி அங்கேதான் மிக நன்றாக இருக்கும் என்று தச்சர் எழுதியதை நான் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. மேக்கரைத் தம்பிக்கு ஒரு கேள்வி: மாடிப் படியில் கைப்பிடிக் கம்பி அதற்குள் பொருத்தப்பட்டுவிடுமா? அது முடியாதென்றால் அவரிடம் நான் இப்போதே சொல்லிவிட வேண்டும்.